அவங்க என்ன சாப்பிடறாங்க?

போன செமஸ்டர் லீவில் நான் ஒரு கிரகம் செய்தேன். இரண்டு சூரியன்கள், மூன்று கண்டங்கள், பதினேழு ராஜாக்கள் கொண்ட வம்சாவளி, தனிக்கொடி, தனி நாணயம். நாற்பது பக்க நோட்டில் முப்பது பக்கம் இதற்கே போய்விட்டது. மீதி பத்துப் பக்கம்தான் கதை. வரைபடத்துக்கு மட்டும் கலர் பென்சில் வாங்கி மூன்று நாள் உட்கார்ந்தேன்.

பெருமையாக ரூம்மேட்டிடம் கொடுத்தேன். அவன் இந்த மாதிரிக் கதைகள் படிக்கிற ஆளே இல்லை. அவன் வீட்டில் விவசாயம். முழுக்கப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"எல்லாம் சரிடா. ரெண்டு சூரியன் இருக்கற ஊர்ல என்ன வெள்ளாமை? இவனுங்க என்னத்தத் திங்கிறானுங்க?"

பதில் இல்லை. பதினேழு ராஜாக்களின் பெயரும் எனக்கு மனப்பாடம். அதில் ஒருத்தராவது காலையில் எழுந்து என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் அவன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாவது நாள், அவன் சொன்னதுதான் சரி என்று புரிந்தது. அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேண்டஸி எழுதுகிற நம்மில் பல பேருக்கு ஒரு வியாதி. உலகத்தை உருவாக்குவது என்றால் சரக்கைக் குவிப்பது என்று நினைக்கிறோம். புதுப் பெயர், புது மிருகம், புது ஆயுதம், வாயில் நுழையாத ஊர். என் கட்சி இதுதான்: ஓர் உலகத்தை நம்ப வைக்க ஒரே ஒரு மாற்றம் போதும். ஆனால் அந்த மாற்றம் அடுப்படி வரைக்கும் போக வேண்டும். சாப்பாடு, வேலை, கல்யாணம், சாவு, திட்டுகிற வார்த்தை என்று எல்லாவற்றையும் அது தொட வேண்டும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணத்தையே நானும் சொல்கிறேன். ஃபிராங்க் ஹெர்பெர்ட் 1965இல் எழுதிய 'ட்யூன்'. அராக்கிஸ் என்ற கிரகத்தில் தண்ணீர் இல்லை. மாற்றம் இவ்வளவுதான். ஆனால் அது எங்கெல்லாம் போகிறது பாருங்கள். வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் வடிகட்டித் திரும்பக் குடிக்கத் தருகிற உடையைப் போட்டுக்கொண்டுதான் ஆட்கள் வெளியே போகிறார்கள். செத்தவரின் உடம்பில் இருக்கும் தண்ணீர் அவர் கூட்டத்துக்குச் சொந்தம். வெளியூரிலிருந்து வந்த ட்யூக்கின் முன்னால் பாலைவனத் தலைவர் ஒருவர் மேஜைமேல் எச்சில் துப்புகிறார். ட்யூக்கின் ஆட்கள் பாய்ந்து எழுகிறார்கள். விஷயம் தெரிந்த ஒருவர் தடுக்கிறார். தன் உடம்பின் ஈரத்தையே கொடுக்கிறார் என்றால் அது மரியாதையாம்! இன்னொரு இடத்தில், தான் சண்டையிட்டுக் கொன்றவனுக்காக பால் கண்ணீர் விடுகிறான். செத்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறானே என்று சுற்றியிருப்பவர்கள் வாயடைத்துப் போகிறார்கள்.

அந்த எச்சிலைப் படித்ததும் எனக்கு அராக்கிஸ் நிஜமாகிவிட்டது. பிரம்மாண்டமான மணல் புழுக்கள் அதற்கப்புறம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தை நமக்குப் புதுசே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் மார்க்குக்காக உருப்போட்டோமே, ஐந்திணை, அதை இப்போது எடுத்துப் பாருங்கள். முதலில் முதற்பொருள்: நிலமும் பொழுதும். அதிலிருந்து கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் ஒரு பட்டியல் போடுகிறது. கடைசியில் உரிப்பொருள், அதாவது அந்த நிலத்து மனிதர்களின் மனசு. பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் பட்டியலை ஊருக்கு ஊர் நிரப்பி வைத்தார்கள். மருதத்தில் நெல், அங்கே அடிக்கிற பறை நெல்லரிகிணை. நெய்தலில் மீனும் உப்பும், பறை மீன்கோட்பறை. முல்லையில் வரகும் சாமையும், பறை ஏறுகோட்பறை. பாலையில் எதுவும் விளையாது. அதனால் அந்த ஊர்க்காரன் சாப்பாடு வழிப்பறி செய்த பொருள்!

எவ்வளவு தெளிவு பாருங்கள். மண் மாறினால் சோறு மாறும், சோறு மாறினால் தொழில் மாறும், தொழில் மாறினால் மேளம்கூட மாறும். நெய்தலில் நெல் இல்லை, மருதத்தில் உப்பு இல்லை. அதனால் உமணர்கள் வண்டி கட்டிக்கொண்டு உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றுகிறார்கள். சங்கப் பாடல்களில் இந்த உப்பு வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு நிலங்களுக்கு நடுவே ஒரு சாலையும் ஒரு வியாபாரமும் தானாக முளைத்துவிட்டது. என் மூன்று கண்டங்களுக்கு நடுவே கப்பல் படம் வரைந்திருந்தேன். அந்தக் கப்பலில் என்ன ஏற்றிப் போனார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

"அப்படியென்றால் எல்லாம் விஞ்ஞானப்படி கறாராக இருக்கணுமா?" என்று கேட்பீர்கள். இங்கே இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவர் ஹால் கிளெமெண்ட். பள்ளிக்கூட விஞ்ஞான வாத்தியார். 1953இல் தொடராக வந்த அவருடைய 'மிஷன் ஆஃப் கிராவிட்டி'யில் மெஸ்க்ளின் என்று ஒரு கிரகம் வருகிறது. அது சுமார் பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது. அந்த வேகத்தில் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிட்டது. நடுக்கோட்டில் ஈர்ப்பு பூமியைப்போல மூன்று மடங்கு, துருவத்தில் பல நூறு மடங்கு. கணக்கு கிடக்கட்டும். அங்கே வாழும் பூரான் மாதிரியான ஜீவன்களுக்கு உயரம் என்றால் குலை நடுக்கம். துருவத்துப் பக்கம் கொஞ்சம் தவறினாலும் சாவுதான். ஒரு பொருளைத் தூக்கி எறிவது என்ற எண்ணமே அவர்களுக்குக் கிடையாது. எறிந்தால் அது எங்கே போகும்? கையை விட்டதும் தரையில் இருக்கும். ஒரு ஃபிசிக்ஸ் கணக்கு அங்கே பயமாக மாறிவிட்டது.

இன்னொருவர் லேரி நிவன். 1970இல் 'ரிங்வேர்ல்ட்' எழுதினார். ஒரு சூரியனைச் சுற்றி ராட்சச வளையம், அதன் உள்பக்கத்தில் ஜனங்கள். அடுத்த வருஷம் பாஸ்டனில் நடந்த உலக சயின்ஸ் ஃபிக்‌ஷன் மாநாட்டில் எம்.ஐ.டி. மாணவர்கள் "அந்த வளையம் நிலையாக நிற்காது" என்று கோஷமே போட்டார்கள். வாஸ்தவம்தான். அது மையத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்தாலும் மேலும் மேலும் நகர்ந்து கடைசியில் சூரியனில் போய் மோதும். நிவன் கோபித்துக்கொள்ளவில்லை. 1980இல் வந்த அடுத்த நாவலில் அந்தப் பிரச்சினையையே கதையின் மையமாக வைத்துவிட்டார். (நம் ஊரில் ஓர் எழுத்தாளரிடம் இப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும்.)

என்னைப் பொறுத்தவரை கணக்கில் தப்பு வந்தால் மன்னிக்கலாம். வாசகர்களில் நூற்றுக்கு ஒருத்தர்தான் கால்குலேட்டரை எடுப்பார். மனுஷங்க விஷயத்தில் தப்பு வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

'தி ஜெட்ஸன்ஸ்' கார்ட்டூன் ஞாபகம் இருக்கா? 1962இல் அமெரிக்காவில் வந்தது. நூறு வருஷத்துக்குப் பிந்தைய உலகம். கார் பறக்கிறது, வீட்டு வேலைக்கு ரோபோ இருக்கிறது, பட்டனைத் தட்டினால் சாப்பாடு வருகிறது. ஆனால் அப்பா ஆபீஸ் போகிறார், அம்மா வீட்டில் இருக்கிறார், மேனேஜர் கத்துகிறார். 1962ஆம் வருஷத்து அமெரிக்கக் குடும்பத்தைத் தூக்கி ஆகாயத்தில் வைத்துவிட்டார்கள். அது காமெடி, அதனால் அவர்களுக்கு மன்னிப்பு உண்டு.

நம் கதைகளில் காமெடியே இல்லாமல் இதே நடக்கிறது. கி.பி. 2300, செவ்வாய்க் குடியிருப்பு. ஹீரோ விண்கலத்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வருவான். மனைவி காபி டம்ளரோடு வந்து நிற்பாள். முந்நூறு வருஷத்தில் ராக்கெட் மாறியது, காபி ஆற்றுகிற ஆள் மாறவில்லை. செவ்வாயில் அந்தப் பால் எந்த மாட்டிலிருந்து வந்தது என்பது தனிக்கதை. அந்தக் குடியிருப்பில் சாக்கடை அடைத்தால் யார் இறங்குகிறார்கள் என்று நம் கதைகள் கேட்பதே இல்லை. ரோபோ இறங்குகிறது என்றால், அதற்கு முன் அந்த வேலையைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள், அவர்களுக்கு யார் பெண் கொடுக்கிறார்கள்? இதைக் கேட்காமல் விடுவது சும்மா மறதி என்று எனக்குத் தோன்றவில்லை. யார் வேலையை நாம் தினமும் பார்க்காமல் கடந்து போகிறோமோ, அவர்களைத்தான் கற்பனை உலகத்திலும் விட்டுவிடுகிறோம். என் பதினேழு ராஜாக்களின் அரண்மனையிலும் ஒரு சமையல்காரர்கூட இல்லை.

சுஜாதா இதில் கெட்டிக்காரர். 1980களில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா' என்றால் எல்லோருக்கும் ஜீனோ என்ற ரோபோ நாய்தான் ஞாபகம் வரும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்த உலகத்தில் குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்பது. நிலா, சிபி, ரவி, ஜீவா என்று பெயர்களெல்லாம் இரண்டெழுத்து. சர்வாதிகாரம் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விளக்காமல், படுக்கையறைக்குள்ளும் தொட்டிலுக்குள்ளும் அரசாங்கத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கதை நடக்கும் 2021 வந்து போய்விட்டது. கதை பழசாகவில்லை.

மந்திர தந்திரக் கதைகளுக்கும் இதே நியாயம்தான். மந்திரம் இருக்கிறது என்றால் அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? அர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' (1968) உலகத்தில் ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு காயக்கூடும். அதனால் பெரிய மந்திரவாதிகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். என்.கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீஸன்' (2015) இன்னும் ஒரு படி மேலே. அடிக்கடி பூமி பிளக்கிற ஒரு கண்டம். ஒவ்வொரு ஊரும் பஞ்சத்துக்குத் தானியம் சேர்த்து வைக்கிறது. பஞ்ச காலத்தில் யாரால் என்ன பயன் என்பது ஆளின் பெயரிலேயே ஒட்டியிருக்கிறது. நில அதிர்வை அடக்கும் சக்தி சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அவர்களை ஹீரோவாக்கவில்லை, சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். ஊரே அவர்களை நம்பித்தான் பிழைக்கிறது, அதனாலேயே அவர்களை மனிதர்களாக நடத்துவதில்லை. படித்ததும் "ஆமா, இப்படித்தான் செய்வாங்க" என்று தோன்றியது. அந்த வரிசையின் மூன்று நாவல்களுக்கும் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து ஹ்யூகோ விருது கிடைத்தது.

இன்னொரு சமாசாரம், தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும். லெ குவின் 1969இல் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' எழுதினார். கெதென் என்ற குளிர் கிரகத்து மனிதர்கள் நிரந்தரமாக ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் ஏதோ ஒன்றாக மாறுவார்கள். ஒரே ஆள் சில பிள்ளைகளுக்கு அம்மா, சில பிள்ளைகளுக்கு அப்பா. ராஜாவே கர்ப்பமாகிறார். ஆனால் ஆங்கிலத்தில் எல்லோரையும் 'அவன்' என்றே எழுதிவிட்டார். விமர்சனம் வந்தது. அதே கிரகத்தைப் பற்றிய ஒரு சிறுகதையை 1975இல் தொகுப்பில் சேர்த்தபோது எல்லோரையும் 'அவள்' என்று மாற்றிப் பார்த்தார்.

தமிழில் இது ரொம்ப சுலபம் என்று முதலில் நினைத்தேன். 'அவர் வந்தார்' என்றால் முடிந்தது, ஆணா பெண்ணா என்ற பேச்சே இல்லை. 'ராஜா கர்ப்பமாக இருக்கிறார்', கச்சிதம். ஆனால் அடுத்த பக்கத்தில் ஒரு பிக்பாக்கெட் வருகிறான்(?). 'திருடர் பர்ஸை அடித்துவிட்டு ஓடினார்' என்றா எழுதுவது? எல்லோருக்கும் 'ஆர்' போட்டால் ஆண் பெண் பிரச்சினை தீர்ந்தது, கூடவே பெரியவர் சின்னவர் வித்தியாசமும் போயிற்று. அப்படியானால் கெதெனில் மரியாதையை எப்படிக் காட்டுவார்கள்? உடனே யோசித்தாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு 'யூ' என்று ஒரே வார்த்தை. நமக்கோ முதல் வசனத்திலேயே நீயா நீங்களா என்று கேள்வி வந்துவிடும். கேப்டன் என்ஜினியரை எப்படிக் கூப்பிடுகிறார்? என்ஜினியர் வயதில் பெரியவர் என்றால்? ரோபோ வந்ததா, வந்தானா? உயர்திணை என்றால் மக்கள் என்றது தொல்காப்பியம். தேவரையும் நரகரையும் அதில் சேர்த்துக்கொண்டது நன்னூல். வேற்றுக்கிரகவாசியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது இப்போது நம் தலையில்! இதைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். யார் மேலே, யார் கீழே, யார் மனிதர் என்று முடிவு செய்யாமல் தமிழில் ஒரு வினைமுற்றுகூட எழுத முடியாது. உலகத்தைச் செய்யச் சொல்லி மொழியே நம் காதைத் திருகுகிறது.

எதிர்க்கட்சியையும் பார்த்துவிடலாம். எம். ஜான் ஹாரிஸன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 2007இல் இந்த உலகம் கட்டும் வேலையையே போட்டுத் தாக்கினார். இது சலிப்பான வேலை, எழுத்துக்கு இடைஞ்சல், படிப்பவருக்குக் கற்பனை செய்ய எதையும் விட்டுவைப்பதில்லை என்பது அவர் வாதம். என் முப்பது பக்கத்தைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். இந்தப் பக்கம் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 2014இல் ஒரு பேட்டியில், டோல்கியனின் அரகார்ன் நல்ல ராஜாவாக ஆண்டார் என்றால் அவருடைய வரிக்கொள்கை என்ன என்று கேட்டார்.

இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு ஒரு வழி தெரிகிறது. கதாபாத்திரம் எங்கே கால் வைக்கிறதோ அங்கே தரை கெட்டியாக இருந்தால் போதும். மார்ட்டினின் கதை அரியணையைப் பற்றியது, அவருக்கு வரி வேண்டும். டோல்கியனின் கதையோ இரண்டு குட்டி ஆட்கள் நடந்தே போவதைப் பற்றியது. அவர்களுக்குச் சோறு வேண்டும். டோல்கியன் மொழிகளையே உருவாக்கியவர் என்று எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கோ சாம் சட்டி பானையை முதுகில் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் நடப்பதும், வழியில் முயல் சமைப்பதும், கடைசியில் மோர்டாரில் சுமை தாங்காமல் அந்தப் பாத்திரங்களைத் தூக்கி எறிவதும்தான் பெரிது. இனிமேல் சமைக்கப் போவதில்லை, திரும்பி வரப்போவதில்லை என்று அந்த ஓசையிலேயே தெரிந்துவிடுகிறது.

சரி, என் கிரகத்துக்கு என்ன ஆச்சு? ரூம்மேட்டையே உட்கார வைத்துக் கேட்டேன். பழைய சம்பா ரகமெல்லாம் பொழுது குறைந்தால்தான் கதிர் வாங்கும், தெருவிளக்கு வெளிச்சம் விழுகிற வயல்கூடப் பிந்தும் என்றான். நான் பக்கத்தில் பேப்பரை வைத்துப் படம் போட்டேன். ஆல்ஃபா சென்டாரி மாதிரி இரட்டை நட்சத்திரம், கிரகம் ஒன்றைச் சுற்றுகிறது, மற்றது தூரத்தில். வருஷத்தின் ஒரு பாதியில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும். ஒன்று மறைந்தால் மற்றது வந்துவிடும், முழு இருட்டே கிடையாது. மறு பாதியில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து மறையும், ராத்திரி வரும். அப்படியென்றால் இருட்டுக் காலத்தில்தான் பயிர் கதிர் விடும்!

அப்புறம் நிறுத்த முடியவில்லை. இருட்டுக் காலம் முடியும்போது அறுவடை. கடன் அடைப்பது அப்போது, கல்யாணமும் அப்போது. வெளிச்சக் காலம் பசிக்காலம். "உன் வீட்டில் விளக்கு எரியட்டும்" என்றால் அந்த ஊரில் சாபம். பெண்ணுக்கு 'இருள்' என்று பெயர் வைத்துக் கொஞ்சுவார்கள். அண்டை வீட்டுக்காரன் வயலில் ராத்திரி விளக்கை ஏற்றி வைத்துப் பயிரைக் கெடுத்தவன் மேல் பஞ்சாயத்து. அந்தப் பஞ்சாயத்துதான் இப்போது கதை. வரைபடத்தைக் கிழித்துவிட்டேன். பதினேழு ராஜாக்களும் டிஸ்மிஸ்.

புதுக்கதையை எட்டே பக்கத்தில் எழுதி அவனிடம் கொடுத்தேன். இந்த முறை இரண்டு தடவை படித்தான். பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு, "நல்லாருக்குடா. ஆனா ஆறு மாசம் இருட்டே இல்லாத ஊர்ல பொம்பளைங்க எப்படி ஒதுங்கப் போவாங்க?" என்றான்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.